பொய்த் தரகன்

எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டதா, சாம்பார் ஊசிப்போய்விட்டதா, காஸ் கசிகிறதா என்று சொல்லும் அதிகாரம் முழுவதும் என் கணவர் கைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கொரோனாவில் இருவரும் ஒன்றாகத்தான் படுத்தோம். இருவருக்கும் ஒன்றாகத்தான் வாசனை போனது. அவருக்குக் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. எனக்குத் திரும்பவில்லை. கட்டப்பனையில் பார்த்த டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூக்கு இல்லாமல் இருப்பதென்றால் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் பேச்சை நம்பி இருப்பது. எனக்கு அது பிறவியிலேயே வராத காரியம். மீன்காரர் காலையில் வந்த மீன் என்றால் எந்தக் காலை என்று கேட்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் தினமும் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மூக்குக்குக் கீழே நீட்டி, அவர் தலையாட்டிய பிறகு காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மூக்கு சாதாரண மூக்கும் இல்லை. அவர் ஏலக்காய்த் தரகர். வண்டன்மேட்டைச் சுற்றியிருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் காயை உலர்த்தி எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவருவார்கள். அவர் ஒரு கை அள்ளுவார், காதருகே குலுக்குவார், மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவார். காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் புகைக்குழாய் ஓட்டையாகிப் புகை ஏறியிருந்தாலும், மூட்டையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பூத்திருந்தாலும் கண்ணைத் திறந்ததும் சொல்லிவிடுவார். அவர் சொன்ன தரத்தை வைத்துத்தான் மலைக்குக் கீழே இருக்கும் போடி ஊர் வியாபாரிகள் விலை வைப்பார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த மூக்கை நம்பித்தான்.

எங்கள் மகள் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் போனில், "அம்மா, டாரகன்னு ஒரு செடி இருக்கு, நீ வளத்துப் பாரேன்" என்றாள். எனக்குத் தரகன் என்று காதில் விழுந்தது. ஒரு தரகனை இத்தனை வருடம் வளர்த்தது போதாதா என்றேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அப்புறம்தான் அவள் விளக்கினாள். வெள்ளைக்காரச் சமையலில் கோழிக்கும் முட்டைக்கும் போடுகிற இலையாம். மென்றால் சோம்பு மாதிரி இனித்துவிட்டு, நாக்கு நுனி லேசாக மரத்துப்போகுமாம்.

"மரத்துப்போறதுக்கு மூக்கு வேண்டாம்மா" என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். சோறு களிமண்ணாகவும் குழம்பு வெந்நீராகவும் இருக்கிறவளுக்கு, யாரையும் கேட்காமல் தானாகவே ஒன்று தெரியும் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மூக்குள்ளவர்களுக்குப் புரியாது. உடனே விதை வரவழைக்கச் சொன்னேன். பெயரை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. தரகர் என்றால் நிமிர்ந்து உட்காருவார். யாரோ முதுகுக்குப் பின்னால் தரகன் என்று சொன்னதாகத் தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நாங்கள் கேலி செய்வதாக நினைத்துவிடுவார் என்று சோம்புச் செடி என்றே சொல்லிவைத்தேன்.

விதை பொடி மாதிரி இருந்தது. தென்னை நார்த்தூளில் மேலாகத் தூவினேன். முளைத்தது. முளைத்ததென்ன, கிளம்பியது. ஆடி மழையில் ரோஸ்மேரி அழுகி, தைம் கருகி, மல்லி கரைந்து போனபோது இது மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. இந்த மலையில் வெளியூர்ச் செடி எதுவும் இவ்வளவு சுலபமாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. கஷ்டப்படாமல் வளர்கிற எதன் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தினமும் ஒரு இலை மென்றேன். நாக்கு அதுபாட்டுக்கு இருந்தது. நுனி இலை, அடி இலை, காலை, மாலை என்று மாற்றி மாற்றி மென்றேன். ஒன்றுமில்லை.

அவர் அந்த வழியாகப் போனவர் ஒரு கொத்தைக் கிள்ளி மோந்தார். நல்லா சோம்பு மணக்கிறதே என்றார். எப்போதும்போல் கண்ணை மூடி மோந்துவிட்டுத்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய் அழுதேன். மூக்கு போனது போல நாக்கும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தச் செடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பிடுங்கி எறியவும் மனம் வரவில்லை, அவர்தான் மணக்கிறது என்கிறாரே.

பொங்கலுக்கு மகள் வந்தாள். பையை வைத்ததும் செடியைத்தான் பார்க்கப் போனாள். ஒரு இலையைக் கடித்தாள். முகம் போன போக்கே சரியில்லை.

"அம்மா, இது புல்லு."

அவள் சொன்னது இதுதான். நல்ல டாரகன் விதையே வைக்காது. எப்போதாவது பூத்தாலும் விதை பிடிக்காது. கிளையை ஒடித்து நட்டோ வேரைப் பிரித்து வைத்தோதான் அது பெருகும். பாக்கெட்டில் விதையாக விற்பது அதன் ஒன்றுவிட்ட சொந்தக்காரன். உருவம் ஒன்றுதான், மணமும் இருக்காது, நாக்கும் மரக்காது. படத்தைப் போட்டு விற்றவன் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான். வேறு எப்போதும் என்றால் அவனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு என் நாக்கு பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவனை மன்னித்தே விட்டேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான் தாங்கியது. இலையில் ஒன்றுமே இல்லை என்றால் இவர் எதை மோந்தார்?

பாவம் பார்த்துச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பாவம் பார்க்கிறவர்களைக் கண்டால் ஆகாது. பழையதையெல்லாம் எடுத்துப் போட்டுக் கிளற ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து புளி கூட, காரம் குறைய என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்ட மனுஷன், காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என் சமையல் அவ்வளவு தேறிவிட்டதா? மூக்கில்லாதவள் சமைப்பது எப்படித் தேறும்? ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தில் பெருங்காயமே போடாமல் இறக்கினேன். பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது, நல்லாருக்கு என்றார். இந்த மனுஷன் எனக்குக் காது குத்துகிறார் என்று உறுதியாகிவிட்டது. அப்படியானால் பால்? காஸ்? நான் கட்டுகிற சேலையில் வேர்வை நாற்றம் இல்லை என்று சொன்னாரே, அது? கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

மகள் அடுத்த முறை மூணாறு வழியாக வந்தாள். அங்கே ஒரு ரிசார்ட் தோட்டத்திலிருந்து நல்ல டாரகன் குச்சிகளை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கணுவுக்குக் கீழே சீவி, அடி இலைகளை உருவி, ஆற்று மணலும் நார்த்தூளும் கலந்து ஒரு தட்டில் நிரப்பி அதில் செருகினோம். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தோம். வேர் பிடிக்கும் வரை தொடாதே என்று சொல்லிவிட்டு அவள் ஊருக்குப் போனாள்.

தொடாதே என்று யாரிடம் சொல்கிறாள்? குச்சி மண்ணுக்கு மேலே பச்சையாக நிற்கும். கீழே என்ன நடக்கிறது என்று எப்படி நம்புவது? தினமும் பாட்டிலைத் தூக்கி ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பார்த்தேன். சிலதை முழுவதும் உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினேன். அப்படிச் சந்தேகப்பட்டே பாதிக் குச்சிகளைக் கொன்றேன். மிச்சத்தை அவர்தான் காப்பாற்றினார். ஏலச்செடிக் கட்டையை நட்டால் தோண்டித் தோண்டியா பார்ப்பார்கள் என்று திட்டிவிட்டு, தட்டைத் தூக்கிக் கொண்டுபோய் எனக்கு எட்டாத பரணில் வெளிச்சம் படுகிற ஓரத்தில் வைத்துவிட்டார்.

பங்குனியில் எடுத்தபோது சில குச்சிகள் இழுத்தும் வரவில்லை. அடியில் நூல் நூலாக வேர். மண் தொட்டியில் ஓட்டாஞ்சல்லியும் மணலும் பாதிக்கு மேல் போட்டு, கிழக்குப் பக்கம் ஷீட் கூரைக்குக் கீழே வைத்தேன். இதற்கு வெயில் வேண்டும், குளிர் வேண்டும், காலில் தண்ணீர் மட்டும் நிற்கக்கூடாது. எங்கள் ஊரில் கடைசியாகச் சொன்னது நடக்கிற காரியமா? சோம்பேறிச் செடி. மாதத்துக்கு நாலு இலை விடும். அதனாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது.

முதல் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்து மென்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு நுனியில் ஏதோ ஊர்ந்தது. அது பரவி, பல்லில் நாக்கு படுவது தெரியாத அளவுக்கு மெல்ல மரத்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. யாரும் சொல்லாமல், யாரும் தலையாட்டாமல், எனக்கே தெரிந்த ஒன்று அது. அன்று முழுக்கச் சின்னப் பிள்ளை மிட்டாயை ஒதுக்கி வைத்திருப்பது போல ஒரு இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிந்தேன்.

மழைக்காலத்தில் அது சுருங்கித் தண்டெல்லாம் கறுத்து உள்ளே போய்விட்டது. செத்துவிட்டது என்று நினைத்தும் தொட்டியைக் கவிழ்க்காமல் வைத்திருந்தேன். மழை விட்டுப் பனி தொடங்கியதும் மண்ணைப் பிளந்துகொண்டு துளிர்கள் வந்தன. பழைய விதைச் செடியையும் வெட்டிவிட்டிருந்தேன், அதுவும் துளிர்த்திருந்தது. துளிரில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மகள் வந்து எதையாவது மாற்றிப் பறித்துவிடப் போகிறாள் என்று, பெயிண்ட் வாளி மூடியைப் பட்டையாக நறுக்கி, மூட்டையில் எழுதுகிற மார்க்கரால் பெயர் எழுதிச் செருகினேன். கூரைக்குக் கீழே இருந்ததில் மெய்த் தரகன். வாசல் படியோரம் இருந்ததில் பொய்த் தரகன். இரண்டிலிருந்தும் இலை பறித்து அவர் முன்னால் வைத்து, இனி எனக்காகப் பொய் சொல்லாதீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதாகவும் இருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் செருப்பைப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் துடைப்பத்தோடு முற்றத்தில் நின்றேன். படியோரத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு ஒனக்கு?" என்றார்.

செடியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "மக வந்தப்பவே. அவதான் கடிச்சுப் பாத்துட்டுச் சொன்னா."

"அவளுக்கும் தெரியுமா?" படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாம? மணக்குது மணக்குதுன்னு இத்தன நாளா என்னைய ஏமாத்திட்டு இருந்தீகள்ல."

"ஒன்னைய மட்டுமா புள்ள ஏமாத்துனேன்."

அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. துடைப்பத்தைக் கீழே போட்டேன். பட்டையில் எழுதியிருந்ததை அப்போதுதான் நானும் அவர் கண்ணால் படித்தேன். அந்தச் செடிக்கு டாரகன் என்று பெயர் என்பதே அவருக்குத் தெரியாது.

மூக்கு திரும்பவே இல்லை என்றார். ஒருநாள்கூட. முதலில் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சும்மா சொல்லிவைத்தாராம். பிறகு சீசன் தொடங்கிவிட்டது, ஆட்கள் மூட்டையோடு வந்துவிட்டார்கள், சொல்ல முடியவில்லையாம். பால் பாத்திரத்தை நான் நீட்டியபோதெல்லாம் விளிம்பில் பால் திரிதிரியாக ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தலையாட்டினாராம்.

எனக்கு முதலில் வந்தது பயம். இந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு மூக்கு என்று நம்பிச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியிருக்கிறோம். பிறகு கோபம் வந்தது. பாவம் பார்த்துப் பொய் சொல்கிறார் என்று இவர் மேல் வருத்தப்பட்டேனே, அந்தப் பாவம்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் மண்ணைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எத்தனை நாள் தனியாக உட்கார்ந்து அழுதேன். இவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கலாமே என்று இருந்தது.

காய்க்கு எப்படித் தரம் சொன்னீர்கள் என்று கேட்டேன். நிறம் கண்ணுக்குத் தெரியும், உலர்ந்ததா என்பது குலுக்கினால் காதுக்குத் தெரியும், புகைக்கும் பூஞ்சைக்கும்தான் மூக்கு வேண்டும் என்றார்.

"அதுக்கு மொகத்தப் பாப்பேன். நின்னு நிதானமா டீ குடிக்கிறவன் காய்ல கொறையிருக்காது. அவசரப்படுறவன், கண்ணப் பாத்துப் பேசாதவன் காய்ல ஏதோ இருக்கும். பொக அடிக்குதும்பேன். எவனும் மறுத்துப் பேசுனதில்ல."

தப்பிப்போய்ப் புகைக் காயைச் சில தடவை கீழே அனுப்பி, போடியிலிருந்து போன் வந்து, சமாளித்திருக்கிறார். தோட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் மறுநாளிலிருந்து எவன் மூட்டையை நம்ம முற்றத்தில் இறக்குவான் என்றார். அது நியாயமான கேள்விதான். வேறு தொழில் தெரியாத மனுஷன், இந்த வயதில் என்ன செய்வார்? கூரைக்குக் கீழே கூட்டிப்போய் ஒரு இலையைக் கிள்ளி அவர் வாயில் போட்டேன். வெகுநேரம் மென்றார். மரக்கிறது என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்காக நான் பேச்சை மாற்றவில்லை. சொல்லிவிடுங்கள் என்றேன் திரும்பவும்.

அதற்குப் பிறகு ஆட்கள் வருகிற நாட்களில் தொட்டி வேலையை முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். வேர் பிரிக்கிற பருவமும் அதுதான். தொட்டியைக் கவிழ்த்தால் வேர்கள் இடியாப்பம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சிக்கியிருக்கும். கத்தி வைத்தால் போச்சு. தண்ணீரில் அலசி, விரலாலேயே மெல்லப் பிரித்து, வெள்ளை மொட்டுள்ள துண்டாகப் பார்த்துத் தனித்தனியாக நட வேண்டும். பாதி நாள் ஓடும் வேலை. அவர் காயை மூக்குக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்ப்பேன். என்னை நம்பாமல் காவல் காக்கிறாயா என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன்.

பாம்பாடும்பாறைப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஒருவர், வருடக்கணக்காக எங்களிடம் வருகிறவர், ஒருநாள் காலை வந்து பையை அவிழ்த்தார். இவர் ஒரு கை அள்ளினார், குலுக்கினார், மூக்குக்குக் கொண்டுபோனார், கண்ணை மூடினார். நான் வேரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். மூடிய கண் திறந்தது. கை கீழே இறங்கியது.

"எனக்கு மூக்கு போயிருச்சுப்பா. வாசம் எப்பிடி இருக்குன்னு நீதான் சொல்லணும்."

வந்தவர் சிரித்தார். விலையைக் குறைக்கப் புது வித்தையா என்றார். இவர் சிரிக்கவில்லை. வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சிரிப்பு அடங்கியது.

"எப்பருந்து?"

"கொரோனாக் காய்ச்சல்லருந்து."

அவர் யோசித்தார். அவிழ்த்த கயிறு அவர் கையிலேயே இருந்தது.

"போன வருசம் எங்காயில பொக அடிக்குதுன்னு சொன்னீகளே."

இவர் கையிலிருந்த காயைத் திரும்பப் பையில் போட்டார்.

"பொண்டாட்டிய ஆசுபத்திரில விட்டுட்டு வந்துருந்தேன். பஸ்ஸு போயிருமேன்னு, நீங்க சொன்னதுக்குக் குடுத்துட்டு ஓடுனேன். அப்புறம் ஸ்டோர் கொழாய முழுசாப் பிரிச்சுத் தேடுனேண்ணே. எங்கயும் ஓட்ட இல்ல. மிச்சக் காய மோந்து மோந்து பாத்தேன், பொக தெரியவே இல்ல. எம் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பவும் இல்லை. எங்கள் படியில் உட்கார்ந்து, என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.